கூரைக்குக் கீழே அவிகிற வீடு: திருகோணமலை வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் வீட்டுப் படம் வரைந்து கொடுப்பது என் தொழில். சித்திரை பிறந்துவிட்டால் புது வீட்டுக்குப் படம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். கட்டிய வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்று வருகிறவர்கள்தான் கூடுதல். கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள இடத்துக்கு நம் பேச்சில் தனியாக ஒரு பெயர் இல்லை. பரண் என்றால் சாமான் போடுகிற இடம். ஆகவே இங்கே அதைக் கூரைவெளி என்றே சொல்கிறேன்.

வெளியே வேப்பமரத்தடியில் இருக்க முடிகிறது. வீட்டுக்குள் ஏன் முடியவில்லை?

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். பின்னேரம் 2 மணிக்கு சீலிங் இல்லாத அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழே நில்லுங்கள். உச்சந்தலை காயும். இப்போது ஒரு அட்டைப்பெட்டித் துண்டைத் தலைக்கு மேலே பிடியுங்கள். அந்தக் கணமே சூடு விட்டுப்போகும். அறையின் காற்று மாறவில்லை, மாற நேரமும் இல்லை. அப்படியானால் உங்களைச் சுட்டது காற்று இல்லை. கூரைத் தகடு அடுப்புத் தணல் போல நேரே உங்கள் மேல் வீசிக்கொண்டிருந்த கதிர்ச்சூடு அது. வேப்பிலை அப்படிச் சூடாவதில்லை, அதனால்தான் மரத்தடி சுகம்.

இது விளங்கினால் பாதி வேலை முடிந்தது. சூடான காற்று மேலேதான் போகும், தானாகக் கீழே இறங்காது. கூரையிலிருந்து கீழே வருவதில் பெரும்பங்கு கதிராகவே வருகிறது. அதை மறிக்காமல் ஃபேனை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஃபேன் சீலிங்கின் சூட்டை உங்கள் மேல் தள்ளிக்கொண்டிருக்கும்.

அளவையும் சொல்கிறேன். மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1000 வாட்ஸ் வெயில் விழும். 1000 சதுர அடிக் கூரை என்றால் 93 சதுர மீற்றர். 1000 வாட்ஸ் அயன் பெட்டி தொண்ணூற்றுச் சொச்சத்தைக் கூரையில் கவிழ்த்து வைத்த மாதிரி. தகடு 60 பாகை செல்சியஸைத் தாண்டுவதில் என்ன ஆச்சரியம்?

எங்கள் ஊரில் ஏன் ஓகஸ்டிலும் இந்த வெக்கை? கொழும்பில் அப்போது மழைகூடப் பெய்கிறதே?

தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டுக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, மலை தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகி நம்மிடம் வருகிறது. அதுதான் கச்சான். மே முதல் செப்டெம்பர் வரை அதன் ராச்சியம். கச்சான் பலமாக அடிக்கிற நாளில் கடற்காற்றும் நேரத்துக்கு உள்ளே வராது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 12ஐ ஒட்டி ஒரு முறையும் ஓகஸ்ட் 30ஐ ஒட்டி இன்னொரு முறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில், அதாவது நம் கடும் வெயில் காலம் முழுவதும், நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம். ஜூன் 21இல் உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். தெற்குக் கூரைதான் சுடும் என்று எங்கோ படித்துவிட்டு, தெற்குப் பக்கத்துக்கு மட்டும் பொயில் (கூரைக்கு அடியில் விரிக்கிற மினுக்கமான அலுமினியத்தாள்) அடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் படித்தது ஐரோப்பாவுக்குச் சரி. இங்கே இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு பக்கத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் வடக்கு அல்லது மேற்கு.

ஓடு, அஸ்பெஸ்டஸ், தகரம், கலர் சீற், கிடுகு: எது குளிர்ச்சி?

கிடுகுதான். அதில் வாதமே இல்லை. காற்று புகும், கதிரை மறிக்கும், தடிப்பும் உண்டு. ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேய்ந்துகொண்டிருக்க வேண்டும், நெருப்புக்குப் பயப்பட வேண்டும், கிடுகு பின்னுகிற கைகளும் குறைந்துவிட்டன. வீட்டு முன்பத்திக்குப் போடலாம். முழு வீட்டுக்கும் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்தது ஓடு. மண் என்பதால் குளிர்ச்சி என்று சொல்வார்கள், அது முழு உண்மை இல்லை. ஓட்டுக் கூரையை நல்ல சரிவாகத்தான் போட முடியும். அதனால் முகடு உயரும், சூடு தலையிலிருந்து தூரப் போகும். அதோடு ஒவ்வொரு ஓட்டுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி உண்டு, முழுக் கூரையும் மூச்சு விடும். கோட்டைக்குள்ளும் கடற்படைப் பகுதியிலும் இருக்கிற பழைய பங்களாக்களைப் பாருங்கள். உயர்ந்த கூரை, சுற்றி விறாந்தை, சுவரில் வெயிலே படாது. ஏசி இல்லாத காலத்து மூளை அது. ஓடு பாரம் கூடியது, கைமரமும் சலாகையும் அதற்கேற்ற தடிப்பில் வேண்டும். இன்று மரம் விற்கிற விலையில்தான் ஆட்கள் சீற்றுக்குப் போகிறார்கள்.

அஸ்பெஸ்டஸ் புதிதில் வெளிறிய சாம்பல் நிறம், அவ்வளவு மோசமில்லை. இரண்டு வாடை மழை, அதாவது வடகிழக்குப் பருவமழை, கண்டதும் பாசி பிடித்துக் கறுத்துப்போகும், பிறகு வெயிலைக் குடிக்கும்.

புதுத் தகரத்தின் கதை வேறு. கண் கூசும் அளவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும், ஆனாலும் கை வைக்க முடியாது. ஏனென்றால் வாங்கிய சூட்டை வெளியே விடுவதில் வெற்று உலோகம் மகா கஞ்சன். அதே தகரத்துக்கு வெள்ளை பெயின்ற் அடித்தால் ஒளியையும் திருப்பும், சூட்டையும் விட்டுவிடும்.

கலர் சீற் வாங்குகிறவர்களிடம் எனக்கு ஒரே சண்டை நிறத்தில்தான். மெரூனும் கடும்பச்சையும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்கு வரை உள்ளே வாங்கும். நல்ல வெள்ளை பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும். கூடுதல் காசு கொடுக்காமல் கிடைக்கிற குளிர்ச்சி நிறம் ஒன்றுதான், அதைத்தான் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். வெள்ளைக் கூரை ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமாம்! வெள்ளை பிடிக்காவிட்டால் தந்த நிறம், மங்கிய சாம்பல் என்று வெளிறிய பக்கமாவது போங்கள்.

ஏற்கனவே போட்ட கூரைக்கு வெள்ளை அடித்தால் உண்மையிலேயே குறையுமா?

குறையும். செலவுக்கு இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை. சூடு வீட்டுக்குள் வந்த பிறகு அதோடு மல்லுக்கட்டுவதைவிட, வாசலிலேயே திருப்பி அனுப்புவது லேசு.

கூரைக்கென்று வரும் ரப்பர் மாதிரி இழுபடும் வெள்ளை பெயின்ற் நல்லது, இரண்டு பூச்சு வேண்டும். சுவர் பெயின்றை மேலே அடித்தால் ஒரு வருடத்தில் உரியும். கையில் காசில்லை என்றால் சுண்ணாம்பு. பசை கலந்து அடித்தாலும் வாடை மழையோடு அநேகமாகப் போய்விடும். அதனால் மழை ஓய்ந்து கூரை காய்ந்தபின், மார்ச்சில் அடித்துவிடுங்கள். கச்சான் முடியும் வரை நிற்கும், நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். பீலியில் மழைத் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறவர்கள், அடித்தபின் வரும் முதல் மழைகளை வெளியே விட்டுவிட வேண்டும்.

வெள்ளை அழுக்காகும். அழுக்கானால் பலன் இறங்கும். வருடம் ஒருமுறை கழுவலாம்.

அஸ்பெஸ்டஸைச் சுரண்டிக் கழுவிவிட்டு அடிக்கலாமா?

சுரண்டாதீர்கள். கம்பித் தூரிகை வேண்டாம், அரத்தாள் வேண்டாம், வேகமாகத் தண்ணீர் பீச்சுகிற மெஷினும் வேண்டாம். அந்தத் தகட்டுக்குள் இருக்கும் நார் தூசியாகி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உடையாமல், உரியாமல் இருக்கும் தகடு சும்மா இருக்கும்வரை ஆபத்துக் குறைவு. மெல்ல நனைத்து, மென்மையான தும்புத்தடியால் பாசியைத் தள்ளிவிட்டு, முகக்கவசத்தோடு அடியுங்கள். பூச்சு நாரையும் மூடி வைக்கும்.

இன்னொன்று, இதை நான் எல்லோருக்கும் சத்தமாகவே சொல்வேன்: அஸ்பெஸ்டஸ் மேல் கால் வைக்காதீர்கள். பழைய தகடு சொல்லாமல் உடையும். ஆணி வரிசை தெரிகிற இடத்தில்தான் கீழே மரம் இருக்கிறது. அதன்மேல் குறுக்காகப் பலகை போட்டு, பலகையில் மட்டும் நடக்க வேண்டும்.

பொயில் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லையே?

நானும் அந்த முட்டாள்தனத்தைச் செய்தவன்தான். உப்புவெளியில் என் வீட்டுக்குச் சீற் மாற்றும்போது, தகட்டுக்கு அடியில் பொயில், பொயிலுக்கு அடியில் ஒட்டினாற்போலப் பலகை என்று அடுக்கினேன். பார்க்க வடிவாக இருந்தது. சூடு அப்படியே இறங்கியது. பொயில் கதிரைத்தான் தடுக்கும். தகடும் பொயிலும் பலகையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தால் அங்கே கதிருக்கே இடமில்லை. கரண்டிக் காம்பு சுடுகிற மாதிரிச் சூடு கடந்துபோகும். அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் கெட்டிக்காரன் வேறு.

பொயிலின் மினுக்கத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு அங்குலம் காற்று இடைவெளி வேண்டும். அஸ்பெஸ்டஸோ பெயின்ற் அடித்த தகடோ தன்னிடம் உள்ள கதிரில் பத்தில் ஒன்பது பங்கைக் கீழே வீசும் என்றால், நல்ல மினுக்கமான பொயில் நூற்றில் ஐந்து அளவுதான் வீசும். அதனால் மினுக்கப் பக்கம் கீழ்நோக்கி, கூரைவெளியைப் பார்த்தபடி இருக்கட்டும். மேல்நோக்கி விரித்தாலும் முதலில் வேலை செய்யும், ஆனால் தூசி படிந்ததும் கதை முடிந்தது. கச்சான் காலத்தில் எங்கள் ஊரில் தூசி படிய ஒரு மாதம் போதாதா?

கடைகளில் ஃபோமோடு ஒட்டி வருகிற ரோலும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்த மெல்லிய ஃபோமால் பெரிய பலன் இல்லை. தடிப்பைப் பார்த்து ஏமாறாமல் மினுக்கத்தைப் பாருங்கள். கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் வெறும் அலுமினியத்தாளைவிட மேலே மெல்லிய பூச்சு உள்ள வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. உப்பு அலுமினியத்தையும் தின்னும்.

ஒரு எச்சரிக்கை. பொயில் மின்சாரம் கடத்தும். ஆஸ்திரேலியாவில் 2009, 2010இல் அரசுத் திட்டத்தின் கீழ் வீடுகளுக்குப் பொயில் அடித்தபோது, உலோகக் கிளிப் வயரைத் துளைத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கூரைவெளிக்குள் ஏறும் முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

கண்ணாடிக் கம்பளி, கல் கம்பளி எல்லாம் வேண்டுமா? அது குளிர்நாட்டுச் சாமான் இல்லையா?

கண்ணாடி நாராலோ கல் நாராலோ செய்த மெத்தைதான் இந்தக் கம்பளி. சூடு எந்தப் பக்கம் போனாலும் அது தடுக்கும். இரண்டு அங்குலக் கம்பளி, சூட்டைத் தடுப்பதில் ஆறடித் தடிப்புக் கொங்கிறீட்டுக்குச் சமம். அவ்வளவு பலம்.

ஆனாலும் இங்கே அது எனக்கு முதல் தெரிவு இல்லை. வாடையில் ஒரு ஒழுக்கு விழுந்தால் கம்பளி தண்ணீரைக் குடித்து, பாரமாகி, சீலிங்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். எலிக்கு மெத்தை. இரவிலும் ஜன்னல் திறந்து காற்றோடு வாழும் வீட்டுக்கு வெள்ளைக் கூரையும் பொயிலும் போதும். ஏசி போட்டு மூடுகிற அறை என்றால் கம்பளி காசுக்கு வேலை செய்யும். அந்த ஒரு அறையின் சீலிங் மேல் மட்டும் விரித்தால் போதும், 120 சதுர அடிக்கு அதிகச் செலவில்லை. ஸ்பொட் லைட்டுக்கு மேலே மூடாதீர்கள், அது சூடேறி எரியும். விரிக்கிறவர் கையுறையும் முகக்கவசமும் போட வேண்டும்.

கூரைவெளிக்குக் காற்றோட்டம் எவ்வளவு வேண்டும்?

இணையத்தில் ஒரு கணக்கு உலவுகிறது: சீலிங் பரப்பில் 150இல் ஒரு பங்கு திறப்பு, கீழும் மேலும் சமமாக இருந்தால் 300இல் ஒரு பங்கு. 1000 சதுர அடிக்கு ஏழு சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு, அல்லது அதில் பாதி. இது அமெரிக்கக் கட்டடச் சட்டத்தில் உள்ள அளவு. பனிநாட்டுக் கூரைக்குள் ஈரம் தேங்காமல் இருக்க வந்த கணக்கு அது. நம் பிரச்சினை ஈரம் இல்லை, அதனால் அதை ஆகக்குறைந்த அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சாய்பலகையும் (மழையை மறிக்கச் சரித்து அடிக்கிற பலகை வரிசை) வலையும் போட்டபின் திறப்பில் பாதிக்குக் கிட்டத்தான் காற்றுக்கு வழி இருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதில்தான் விஷயம். தாழ்வாரத்தின் அடியில் காற்று உள்ளே வர வேண்டும், முகட்டுக்குக் கிட்ட வெளியே போக வேண்டும். மேலே மட்டும் ஓட்டை போட்டால் வருவதற்கு வழியில்லாமல் காற்று அசையாது. தாழ்வாரத்தைப் பலகையடித்து இறுக மூடுவது இப்போது ஒரு நாகரிகம். அங்கேதான் வீடு மூச்சடைக்கிறது.

மேற்கும் தென்மேற்கும் பார்த்த முக்கோணச் சுவரில் திறப்பு வைத்தால் கச்சான் தானாகவே உள்ளே தள்ளும், எதிர்ப்பக்கம் வெளியேறும். அந்த எதிர்ப்பக்கம் வடகிழக்கு என்றால் கவனம். மார்கழி மழை அங்கிருந்துதான் சாய்வாக அடிக்கும். அந்தப் பக்கத்துச் சாய்பலகை ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏறி நிற்க வேண்டும்.

காற்றோட்டத்தால் மட்டும் வீடு குளிரும் என்று நம்பவேண்டாம். அது கூரைவெளியின் காற்றைத்தான் மாற்றும். தகட்டிலிருந்து சீலிங்குக்கு வீசும் கதிர் காற்றை மதிக்காது. வெள்ளையும் பொயிலும் முதலில், காற்றோட்டம் அதற்குத் துணை.

கூரைமேல் சுழலும் அந்த உருண்டை விசிறி?

பெரிய பண்டசாலைக்குச் சரி. வீட்டுக்கு, கூரையில் ஒரு ஓட்டை, உப்பில் இறுகிப்போகும் ஒரு பெயரிங், புயலுக்குப் பறக்க ஒரு சாமான். மின்சார விசிறி வைத்து உறிஞ்சுகிறவர்கள் சீலிங் இடுக்குகளை முதலில் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏசி குளிராக்கிய காற்றைத்தான் அது இழுத்து வெளியே விடும்.

திறப்பு வைத்தால் மரநாய் குடியேறாதா?

குடியேறும். அரை அங்குலத் துத்தநாகக் கம்பிவலை, பிளாஸ்டிக் வலை வேண்டாம். அடிக்கும் முன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு வீட்டில் பார்க்காமல் அடைத்து, தாய் மரநாய் மூன்று இரவு கூரையைப் பிறாண்டி, வீட்டுக்காரருக்கும் நித்திரையில்லை.

சிலாப் வீடு. பகலில் பரவாயில்லை, இரவு 10 மணிக்கு அவிகிறது.

ஐந்து அங்குலக் கொங்கிறீட் பகல் முழுக்கச் சூட்டைச் சேமித்து வைக்கும். மத்தியான வெயில் கீழ்ப்பக்கம் வந்து சேர சில மணித்தியாலம் எடுக்கும். நாம் பாய் விரிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். மேலே மாடி எடுப்போம் என்று சிலாப் போட்டுவிட்டு, கம்பி நீட்டியபடி பத்து வருடம் அவிகிற வீடுகள் பாலையூற்றிலும் லிங்கநகரிலும் எத்தனை!

தடுப்பை மேலே போடுங்கள், சூடு சிலாப்புக்குள் நுழையும் முன் நிற்க வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர்கள் சிலாப்புக்கு மேல் ஃபோம் பலகை, அதன்மேல் மெல்லிய கொங்கிறீட் என்று அமைத்து ஆராய்ந்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். புது வீட்டுக்கு அது சிறந்தது. பழைய வீட்டுக்கு முதலில் வெள்ளைப் பூச்சு. வசதி இருந்தால் தூண் எழுப்பி ஆறேழு அடி உயரத்தில் இலேசான சீற் கூரை. அந்த நிழலும், இடையில் ஓடுகிற காற்றும் சேர்ந்தால் சிலாப் சூடாகவே வழியில்லை. துணி காயப்போட இடமும் ஆயிற்று.

சோலார் பனல் போட்டால் கூரை குளிருமா?

பனல் மூடிய இடம் குளிரும், அது ஒரு குடைதான். பனலுக்கும் தகட்டுக்கும் நடுவில் நாலைந்து அங்குலம் காற்று ஓடவேண்டும். ஆனால் பழைய அஸ்பெஸ்டஸ் மேல் பனல் ஏற்றாதீர்கள்.

கூரைக்குத் தண்ணீர் தெளிக்கலாமா?

ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிற் மின்சாரத்துக்குக் கொஞ்சம் குறைவான சூட்டைக் கொண்டுபோகும். கச்சான் காய்ந்த காற்று என்பதால் நன்றாக வேலை செய்யும். ஆனால் கிணறு வற்றுகிற காலமும் அதுதான், கரையோரக் கிணற்று உவர் தகரத்தை அரித்துவிடும். விருந்தாளி வந்த நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தால் புயலுக்குக் கூரை நிற்குமா?

2020 டிசம்பர் 2 இரவு புரேவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அந்த இரவு நித்திரை கொள்ளாதவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்வார்கள். இரண்டரை, மூன்றடி தாழ்வாரம் சுவருக்கு நல்ல நிழல். ஆனால் காற்று முதலில் தூக்குவதும் அதைத்தான். ஓரத்து வரிசைக்கு ஆணி வேண்டாம், ரப்பர் வாசரோடு திருகாணி, நடுவில் போடுவதைவிட நெருக்கமாக. கைமரத்தைச் சுவர் வளையோடு (சுவரின் மேல் படுக்கையாகக் கிடக்கும் மரம்) இரும்புப் பட்டியால் கட்டுங்கள். வளையைச் சுவரோடும் கட்ட வேண்டும், இதைத்தான் மேசன்மார் மறப்பார்கள். திருகாணியை வருடம் ஒருமுறை பாருங்கள், துரு கண்டால் மாற்றுங்கள்.

வாடகை வீடு, தகரக் கூரை. வீட்டுக்காரர் ஒன்றும் செய்யமாட்டார்.

தகரத்துக்கு மேல் கிடுகு பரப்பிக் கயிற்றால் கட்டுவது நம் ஆட்கள் எப்போதும் செய்ததுதான், நன்றாக வேலை செய்யும். அடுப்புப் புகை போகிற பக்கம் மட்டும் வேண்டாம். மழைக்கு முன் எடுத்துவிடுங்கள், நனைந்த கிடுகு தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். அது முடியாவிட்டால் படுக்கையறைச் சலாகையிலிருந்து பொயில் ரோலை ஒரு அடி இறக்கிக் கட்டுங்கள், மினுக்கம் கீழே. வீடு மாறும்போது சுருட்டிக்கொண்டு போகலாம்.

பின்னேரம் குழாயைத் திறந்தால் கொதிதண்ணீர் வருகிறது. அதற்கும் ஏதாவது?

கன்னியா வெந்நீரூற்று வீட்டுக்கே வந்தால் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? கறுப்புத் தாங்கியை வெட்டவெளியில் வைத்தால் அப்படித்தான். தாங்கிக்கு மேலே ஒரு தகரத் துண்டு நிழல், மேற்குப் பக்கம் ஒரு தட்டி. கூரைமேல் ஓடுகிற பைப்பையும் வெயில் படாத பக்கமாகத் திருப்புங்கள். அந்தப் பைப்பை விட்டுவிட்டுத் தாங்கியை மட்டும் மூடியவர்கள்தான் மறுபடி என்னிடம் வருகிறார்கள்.